நீ என்மேல் எழுதிய முறைப்பாடு

அரசாங்க வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மகள் இன்று காலை சொத்து விபரப் படிவத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, "அம்மா, இதையெல்லாம் ஆர் வாசிக்கப் போகினம்?" என்று கேட்டாள். என் சிநேகிதியே, நீ இருந்திருந்தால் வாசித்திருப்பாய் என்று சொல்ல வாய்வரை வந்தது. நீ கண்மூடி மூன்று மாதமாகிறது.

நாம் இருவரும் ஒரே நாளில் காணிப் பிரிவில் எழுதுவினைஞர்களாகச் சேர்ந்தவர்கள். எழுபத்தேழுக் கலவரத்தோடு மலையகத்திலிருந்து வந்தவர்கள் காட்டோரம் கொட்டில் போட்டுக்கொண்டு காணி அனுமதிப்பத்திரத்துக்குக் காத்திருந்த காலம் அது. காணி கொடுப்பதற்கான நேர்முகத் தேர்வில் விண்ணப்பங்களைச் சரிபார்த்துப் புள்ளி குறிப்பது என் வேலை. அந்த முறை கனகராயன்குளத்திலிருந்து என் கணவரின் தம்பியும் விண்ணப்பித்திருந்தார். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அவரை என் கலியாணத்தில் பார்த்திருந்த நீ கண்டுகொண்டாய்.

"உன்ரை மனுசன்ரை தம்பி எண்டு எங்கடை பெரியவருக்கு எழுதிக் குடுத்திட்டு விலகு. நீ குடுக்காட்டி நான் குடுப்பன்."

"நான் ஒரு புள்ளியும் கூட்டிப் போடேல்லையடி."

"அது வெளியில நிக்கிற சனத்துக்கு எப்பிடித் தெரியும்?"

பகிடி விடுகிறாய் என்று நினைத்தேன். திங்கட்கிழமை எழுதிக் கொடுத்துவிட்டாய், உன் கையொப்பத்தோடு.

வவுனியாவிலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். வாக்குமூலம், குற்றப்பத்திரிகை, என் எழுத்துமூல விளக்கம் என்று நாலு மாதம் இழுபட்டது. "நான் சாட்சி. விசாரணை முடியுமட்டும் உன்ரை வீட்டுக்கு வரமாட்டன்" என்று ஒருமுறை மட்டும் சொன்னாய். நான் உன்னோடு கதைப்பதையே விட்டேன். உன்னை வெறுத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நீ கொடுத்த வாக்குமூலத்தைப் பிறகுதான் வாசித்தேன். உறவை மறைத்தது பிழை என்று சொல்லியிருந்தாய். புள்ளிகள் எல்லாவற்றையும் நீயே திரும்பச் சரிபார்த்ததாகவும், ஒன்றுகூடக் கூட்டிப் போடப்படவில்லை என்றும் அதிலேயே சொல்லியிருந்தாய். அதனால்தான் என் வேலை தப்பியது. ஓர் எச்சரிக்கைக் கடிதம், வேறு பிரிவுக்கு மாற்றம், அவ்வளவுதான். நேர்முகத் தேர்வைப் புதிதாக நடத்தினார்கள். மைத்துனருக்குக் காணி கிடைக்கவில்லை. மூன்று பிள்ளைகளோடு கொட்டிலில் இருந்த ஒரு மலையகத் தாய்க்குக் கிடைத்தது. மைத்துனர் இரண்டு வருடம் எனக்கு முகம் கொடுக்கவில்லை.

முடிவுக் கடிதம் வந்த அன்று பின்னேரமே சைக்கிளை என் வாசலில் நிறுத்தினாய்.

"தேத்தண்ணி இருக்கோ?"

ஊற்றித் தந்தேன். அந்த முறைப்பாட்டைப் பற்றி நாம் அதன்பின் கதைத்ததேயில்லை.

பதவி உயர்ந்து நேர்முகக் குழுக்களுக்குத் தலைமை தாங்கிய காலமெல்லாம், முதல் விண்ணப்பத்தைப் பிரிக்குமுன் கேட்பேன்: "இதில உங்கடை ஆக்கள் ஆரும் இருக்கினமோ?" சில வேளை யாராவது கதிரையைப் பின்னே தள்ளிவிட்டு எழும்பி வெளியே போவார்கள்.

இரண்டு தடவை அப்படி எழும்பிப் போனது நான்.