செத்தவன் சோறு கேட்டான்

1926, ஆவணி 12.

தம்பி முத்தன் உயிரோடு இருக்கிறான். காய்ச்சலோடு ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போனவன் செத்துவிட்டான், அங்கேயே புதைத்தாயிற்று என்று சேதி வந்து, போன வாரம்தான் கருமாதி செய்தோம். இன்று மத்தியானம் ரப்பர் பால் நிறுக்கும்போது மரங்களுக்கு நடுவே நடந்து வந்தான். "பேய்!" என்று எல்லாரும் வாளிகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நானும்தான் ஓடினேன். அவன் பெண்டாட்டி செல்லம்மா மட்டும் கிட்டப் போய், கால் தரையில் பாவுகிறதா என்று குனிந்து பார்த்தாள்.

"என்ன புள்ள பாக்குற? பசிக்குது, சோறு இருக்கா?" என்றான்.

அவனை ஓங்கி அறைந்துவிட்டு, அவன் மேலேயே சாய்ந்து அழுதாள்.

செத்தது அதே பெயருள்ள வேறொருவனாம். அவன் வீட்டுக்கு யாராவது சொன்னார்களா, தெரியவில்லை. நாளைக்குக் கங்காணியிடம் கேட்க வேண்டும்.

பக்கத்து அறையில் தம்பி குறட்டை விடுகிறான். நான் ஓடியதைப் பற்றி அவன் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் கேட்கட்டும்.