மாசியும் மீன்தான்

ஒக்டோபர் 14, செவ்வாய்

வீட்டுக்காரரின் சிறுநீர்ப் பரிசோதனை முடிவு இன்று கண்டியில் கிடைத்தது. ஆர்சனிக் நஞ்சு அதிகம் என்று டாக்டரம்மா சொன்னார். தேயிலைத் தோட்டத்தில் புல் சாக மருந்தடிக்கிற மனுசன். இரண்டு பாதமும் எரிகிறது என்றுதான் காட்டப் போனோம்.

டாக்டரம்மா யாழ்ப்பாணத்துக்காரர். "மீன் சாப்பிட்டாலும் இப்பிடிக் கூட்டிக் காட்டும். மூண்டு நாள் நிப்பாட்டச் சொன்னனான், நிப்பாட்டினீங்களோ?" என்று கேட்டார்.

"மீன் வாடையே வீட்டுல இல்லீங்க. ரொட்டியும் தேங்காச் சம்பலுந்தான்," என்றார் இவர்.

"சம்பலுக்கு மாசி போட்டதோ?"

இவர் என்னைப் பார்த்தார். விறகுக்கட்டை மாதிரிக் காய்ந்த மாசித் துண்டை இடித்துப் போட்டவள் நான்தான். மாசியை ஒருநாளும் மீன் கணக்கில் வைத்ததில்லை. உப்பு, மிளகாய் மாதிரி அதுவும் ஒன்று.

"மாசியும் மீன்தான் அம்மா. இந்த முடிவை நம்ப ஏலாது. அதையும் விட்டுட்டுத் திரும்ப டெஸ்டுக்குக் குடுங்கோ."

ஊர் திரும்பும் தெல்தோட்டை பஸ்ஸில் இவர் சிரித்துக்கொண்டே வந்தார். "பாத்தியா, எல்லாம் ஒன் சம்பல் பண்ணுன வேல," என்றார். நானும் சிரித்தேன். வந்ததும் மாசிப் போத்தலைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்தேன். என் தப்பாகவே இருக்கட்டும், சாமி.

இப்போது இவர் எரிகிற பாதங்களைக் குளிர்ந்த சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு தூங்குகிறார்.

அதே சம்பலைத்தான் நானும் தின்றேன். எனக்குக் கால் எரியவில்லை.