மொட்டு விட்ட மேல் பாதி

செரிஃபீல்டு, மெய்ன்
மே 4

அன்பு மகள் லோர்னாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே ஃபீனிக்ஸ் வெயிலில் நலமாக இருக்க வேண்டும். நாங்களும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, அலுப்புதான். நீ படம் அனுப்பிய கடைப் பழத்தைப் பார்த்தேன், கோலிக்குண்டு அளவில் இருக்கிறது, அதையும் ப்ளூபெர்ரி என்றுதான் சொல்கிறார்களா? அப்பாவிடம் காட்டினேன், தண்ணிய ஊதி வித்தா பழமாயிடுமாடி என்று சிரித்தார். அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தார்.

போன செவ்வாய்க்கிழமை நான் சர்ச்சில் சாவுச் சாப்பாட்டுக்கு பீன்ஸ் வேகவைக்கப் போயிருந்தேன். அப்பா தனியாக நம் ப்ளூபெர்ரி வயலைக் கொளுத்திவிட்டார். புகையைப் பார்த்துப் பக்கத்து வயல் கிளேட்டன் தண்ணீர் வண்டியோடு ஓடிவந்து அணைத்திருக்கிறான், பிறகு நேரே சர்ச்சுக்கு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வெர்னாக்கா, அண்ணன் மொட்டு விட்ட பாதியைக் கொளுத்திட்டாரு என்றான். போன வருடம் பழம் எடுத்த கீழ்ப் பாதியைத்தானே, புதுத் தளிர் விட, இப்போது கொளுத்த வேண்டும், மேல் பாதி இந்த ஆகஸ்ட்டுக்கு மொட்டு கட்டி நின்றதே. கொளுத்தினால் அடுத்த வருடம்தான் பழம் என்று எழுந்து நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அறிந்த மனிதர், லோர்னா. மூன்று நாளாகத் தீ வைக்கப் பரப்பும் வைக்கோலை மேல் பாதிக்கு இழுத்துக்கொண்டு போனதை நான் சமையலறை ஜன்னலில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்தும் மனதில் ஏறவில்லை. வண்டிச் சாவியை மாவு டப்பாவில் வைத்ததையும் கிளேட்டனை அவன் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டதையும் வயது என்றே தள்ளிக்கொண்டு வந்தேன், அதற்காக என்னையே திட்டிக்கொள்கிறேன்.

அவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. இன்று காலை கூடவே வயலுக்குப் போனேன். கரிந்த செடிகளைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார், பிறகு என் பக்கம் திரும்பி, யாரு இதக் கொளுத்தினது என்றார். முகம் வெளிறிப்போயிருந்தது. நான்தான், பாதி மாறிப்போச்சு என்றேன். அவ்வளவுதான், நாப்பத்தோரு வருஷம் இங்க குப்பை கொட்டியும் எந்தப் பாதின்னு தெரியலயே உனக்கு, மூளைய அடகு வச்சிட்டியா என்று வீடு வரும்வரை திட்டினார். திட்டத் திட்ட முகத்தில் ரத்தம் ஓடியது, உன் அப்பா அந்தப் பழைய மெர்லாகவே இருந்தார். நானும் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டேன்.

பாங்கர் நகரில் டாக்டரிடம் அப்பாவைக் காட்டப் பன்னிரண்டாம் தேதிக்கு நாள் வாங்கியிருக்கிறேன். கீழ்ப் பாதியில் இந்த வருடம் ஏதோ கொஞ்சம் தேறும், நீ வந்தால் இரண்டு பழ ‘பை’ சுடக் காணும். பழம் வாரிச் சேர்க்க ஒன்றுமில்லை என்று ஆகஸ்ட் பயணத்தை நிறுத்திவிடாதே, வா. வேளாவேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பியில்லாமல் அலையாதே. கடவுள் உங்கள் இருவரையும் குறையில்லாமல் வைக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, மேல் பாதியைக் கொளுத்தியது நான். அப்பா உன்னிடம் சொல்லிச் சிரித்தால் நீயும் சேர்ந்து என்னைத் திட்டு.

உன் அம்மா,
வெர்னா