சின்ன நண்டுக்கு ஒரு மைக்

என் அருமை அந்தோணி அண்ணனுக்கு,

கல்லறைத் திருநாளன்று வந்தபோது உன் கல்லறையில் பூவை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பிவிட்டேன். இன்று பேசுகிறேன். கோபமாக இருக்கிறேன், கொஞ்சம் கேட்டுக்கொள்.

போன வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளியின் ஆண்டு விழா. வருஷா வருஷம் நீ மைக் வைத்த அதே மயிலாப்பூர் ஹால்தான். என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நண்டுகளைப் பற்றி ஒரு பாட்டு நாடகம் போட்டார்கள். கடைசியில் சின்ன நண்டு தனியாக நின்று நாலு வரி பாடும். அந்த நண்டு யாழினி. அவள் அம்மா செல்வி அபிராமபுரத்தில் வீட்டு வேலை செய்கிறார். ஆற்றங்கரையில் இருந்த வீட்டை அரசாங்கம் இடித்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகும், மகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வருகிறார். மகளை இந்தப் பள்ளியிலிருந்து மாற்ற அவருக்கு மனசில்லை. யாழினிக்கு மெல்லிய குரல். வகுப்பில் அவள் பாட ஆரம்பித்தால் மற்ற பிள்ளைகள் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார்கள்.

வாடகைக்கு வந்த மைக் செட்காரர் நல்ல மைக் இரண்டையும் மேடையின் ஓரத்தில் விருந்தினர் மேசையில் வைத்தார். வரவேற்பு, பொன்னாடை, பேச்சு எல்லாம் கணீரென்று கேட்டது. நாடகம் தொடங்கிய பிறகும் அவற்றை எடுக்கவில்லை. சிறப்பு விருந்தினர் உட்கார்ந்திருக்கும்போது அவர் முன்னாலிருந்து மைக்கை எடுத்தால் மரியாதை இல்லையாம். அவரோ போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்கு மிஞ்சியது ஒரே ஒரு மைக், அதுவும் என் கழுத்து உயரத்தில். ஸ்பீக்கர்களைப் பிள்ளைகளுக்குப் பின்னால் வைத்திருந்தார். சத்தத்தைக் கூட்டினால் மைக் வீலென்று அலறியது. குறைத்தால் மின்விசிறிதான் கேட்டது.

அதற்குத் தலைமையாசிரியை ஒரு வழி கண்டுபிடித்தார். பயிற்சிக்காகப் பாட்டு சார் போனில் பாடி அனுப்பியிருந்ததை அப்படியே ஸ்பீக்கரில் போடச் சொன்னார். பிள்ளைகள் வாயசைத்தால் போதுமாம். யாழினி முன்னால் வந்து வாயைத் திறந்தாள், அண்ணா. ஐம்பது வயது ஆம்பளைக் குரல் வந்தது.

ஹாலே சிரித்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள். பாட்டு சார் குரல் மட்டும் நாலு வரியையும் பாடி முடித்தது.

கடைசி வரிசையிலிருந்து செல்வி எழுந்து வந்து என் முன்னால் நின்றார்.

"இன்னா டீச்சர் இது? வேல செய்ற வூட்ல லீவு சொல்லிட்டு வந்தேன். எம்பொண்ணு கொரலு எங்க?"

திங்கட்கிழமை தலைமையாசிரியை எங்களைக் கூப்பிட்டு, விழா பிரமாதம் என்றார். யாழினி பாடுகிற இடத்தில் வீடியோவில் வேறு யாரையாவது பாட வைத்துச் சேர்த்துக்கொள்ளலாமாம். யாருக்காக நடத்துகிறோம் இந்த விழாவை? பொன்னாடைக்கா?

நீ காலையிலேயே வந்து மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிள்ளைகளின் வாய் எங்கே வருமோ அந்த உயரத்துக்கு மைக்கை இறக்குவாய். ஸ்பீக்கரை மைக்குக்கு முன்னால் தள்ளிவைத்து ஜனங்கள் பக்கம் திருப்புவாய். எதிரொலி அடங்க, பின்சுவரில் நம் வீட்டு ஜமுக்காளங்களைத் தொங்கவிடுவாய். பிள்ளை தனியாகப் பாடும்போது மின்விசிறிகளை நிறுத்திவிடுவாய். ஒரு வருஷம் முன்வரிசையில் யாரோ முணுமுணுத்தபோது நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"நாலு நிமிசம் வேர்த்தா ஒண்ணும் ஆவாது சார். கொழந்த பாடுது."

உன் மேலும் எனக்குக் கோபம்தான். நாற்பத்தெட்டு, போகிற வயசா அது?

ஆனால் எல்லாரையும் விட என் மேல்தான் கோபம். இதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? விழாவுக்கு மூன்று வாரம் முன்பு, உங்கள் அண்ணனின் மைக்குகள் இருக்கின்றனவா என்று தலைமையாசிரியை என்னிடம் கேட்டார். பழுதாகிவிட்டன என்று பொய் சொன்னேன். உன் பெட்டி என் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. நீ கடைசியாகச் சுற்றிவைத்த ஒயர் அப்படியே இருக்கட்டும், வேறு கை படவேண்டாம் என்று பூட்டிவைத்திருந்தேன். ஒரு சுற்று ஒயரைக் காப்பாற்ற ஒரு பிள்ளையின் குரலை விட்டுக்கொடுத்திருக்கிறேன். நீ இருந்திருந்தால் என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய்.

நேற்று பெட்டியைத் திறந்தேன். ஒயரைப் பிரிக்கும்போது அழுதேன். நாலு மைக்கும் நன்றாகத்தான் இருக்கின்றன. காலையில் தலைமையாசிரியையிடம் போய், பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன். சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்கு முன்னால் நாடகம் மறுபடி நடக்கும், மைக்கெல்லாம் நானே வைக்கிறேன் என்றேன். அனுமதி கேட்கவில்லை. அவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

செல்வி வருவதாகச் சொல்லியிருக்கிறார். யாழினிதான் பாடவே மாட்டேன் என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். இன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிவிட்டு மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்த சார் கொரலு வராதுல்ல, மிஸ்?"

வராது என்று அவள் தலையில் கை வைத்துச் சொன்னேன். அதையேதான் உனக்கும் சொல்கிறேன், அண்ணா. சனிக்கிழமை அவள் வாய்க்கு நேராக உன் மைக் இருக்கும். மின்விசிறி சுவிட்சுக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். யாருக்கு வேர்த்தாலும் வேர்க்கட்டும்.

நீ சுற்றிய ஒயரைப் பிரித்துவிட்ட உன் தங்கச்சி,
ரோசலின்