கூப்பிட்டோம், நீ வரவில்லையாம்

இன்று காலை பழைய தோள்பையைத் துவைப்பதற்காகக் கவிழ்த்தபோது கறுப்புப் பஞ்சு உறை ஒன்று கையில் அகப்பட்டது. காற்றின் இரைச்சல் ஏறாமல் இருக்க மைக்கின் தலையில் மாட்டுவோமே, அதுதான். மூக்கருகே கொண்டுபோனேன். இன்னும் கருவாடு மணத்தது. சல்லிக் கடற்கரையில் மீன் காயப்போட்டிருந்த இடத்தில் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்த அன்று ஏறிய மணம். அதைச் சவர்க்கார நீருக்குள் போட்டுவிட்டு, பையை அப்படியே விட்டுவிட்டு வந்து உனக்கு எழுதுகிறேன். கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்று இவ்வளவு காலம் வைத்திருந்தேன். தணியவில்லை. இனித் தணியும் என்ற நம்பிக்கையும் இல்லை.

துறைமுகப் பக்கத்து மாடியொன்றில் இயங்கிய அந்த ஊடகப் பயிற்சி நிலையத்தில்தான் உன்னை முதலில் சந்தித்தேன். நீ கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டி வருவாய். நான் நிலாவெளியிலிருந்து வருவேன். பார்வைக் குறைபாட்டோடும் கேட்டல் குறைபாட்டோடும் வாழ்கிறவர்களைப் பற்றி மாணவர்களே ஒரு பொட்காஸ்ட் தொடர் தயாரிக்க வேண்டும் என்று திட்டம் வந்தபோது, எங்கள் ஒருங்கிணைப்பாளர் சேர் யோசிக்காமலே எங்கள் இருவரையும் ஒன்றாகப் போட்டார். எனக்குப் பார்வையின் நடுப்பகுதி இல்லை. ஓரங்களில் ஆட்கள் அசைவது நிழலாகத் தெரியும். முகமோ எழுத்தோ தெரியாது. உனக்குச் சிறுவயதில் வந்த மூளைக்காய்ச்சலோடு காது போயிற்று, பேச்சு மட்டும் தங்கியது. எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்து அவர் சொல்வதைப் பிடித்துக்கொள்வாய்.

முதல் கூட்டத்திலேயே சேர் சொன்னார், “ஒராளிட்டக் கண் இருக்கு, ஒராளிட்டக் காது இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு முழு ஆள். இதையே எங்கட வாசகமாப் போடுவம்.”

நீ கையை உயர்த்தினாய். “அப்ப இப்ப நாங்க அரை ஆளா சேர்?”

வகுப்புச் சிரித்தது. அவரும் சிரித்து, பகிடிக்குச் சொன்னதாகச் சொன்னார். அடுத்த கிழமை அதே வாசகம் சுவரொட்டியில் அச்சாகி வந்தது. கீழே எங்கள் படம். நீ அதில் முறைத்துக்கொண்டு நிற்கிறாய் என்று பிறர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேட்டபோது சந்தோஷமாக இருந்தது.

காது கேட்காத ஒருத்தி ஒலித்தொடர் செய்வதா என்று கேட்டவர்களுக்கெல்லாம் நீ மடிக்கணினியைத் திருப்பிக் காட்டுவாய். குரல் அதில் அலையாக ஓடும். எங்கே ஆள் மூச்சு வாங்குகிறார், எங்கே ஓட்டோ குறுக்கே போகிறது என்று அலையின் வடிவத்தைப் பார்த்தே சொல்வாய். நீ வெட்டுவாய்; நான் காதில் மாட்டிக் கேட்டு, சரி என்றோ சொல் அறுந்துவிட்டது என்றோ சொல்வேன். சண்டையும் பிடித்தோம். பேசுகிறவர் சற்று நேரம் பேசாமல் இருந்தால் அதை விட்டுவிடு என்பேன் நான். அலையில்லாத தட்டைக் கோடு உனக்குக் கண்ணில் குத்தும். எனக்குச் சொல்லாமலே வெட்டிவிடுவாய்.

ஒவ்வொரு பகுதியையும் ஒரு சொல் விடாமல் எழுத்திலும் போட வேண்டும் என்று நின்றவளும் நீதான். “பொட்காஸ்ட் எண்டாக் கேக்கிறதுதானே. அதை ஆர் இருந்து வாசிக்கப் போயினம்?” என்று சேர் கேட்டார். “நான்” என்றாய்.

உன் குரலுக்காக நடந்த சண்டைதான் பெரிது. உன் சத்தத்தை நீ அளக்க முடியாது. பஸ்ஸுக்குள் எனக்கு இரகசியம் சொன்னால் சாரதிக்கும் கேட்கும். சொற்களின் கடைசி எழுத்துகள் தேய்ந்துபோகும். “கேக்கிற ஆக்களுக்கு விளங்காது. நீங்க எழுதுங்கோ, வேற பிள்ளை வாசிக்கட்டும். உங்கட நல்லதுக்குத்தான் சொல்லுறன்” என்றார் சேர். காது கேட்காதவர்களைப் பற்றிய நிகழ்ச்சியில் காது கேட்காதவளின் குரல் வரக்கூடாதா என்று நீ கேட்டாய். உன் குரல் இல்லையென்றால் என் குரலும் இல்லை என்று நான் சொன்ன பிறகுதான் அவர் இறங்கினார். முதல் பகுதியை நீ இப்படித் தொடங்கினாய்: “என்ட குரல் ஒங்களுக்குப் புதுசா இருக்கும். கொஞ்சம் பொறுங்க, பழகிடும். நான் ஒங்கட உதட்டுக்குப் பழகினனான்தானே.”

பிறகு சல்லிக்குப் போனோம். அங்கே மீன் காயப்போடும் அக்கா ஒருவருக்கு நடுவயதில் காது மங்கிப் போயிருந்தது. கிளினிக்கில் பெயர் கூப்பிட்டால் எப்படித் தெரியும் என்று நீ கேட்டாய். அவர் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னார், “எல்லாற்ர முகத்தையும் பார்த்துக்கொண்டு இருப்பன் பிள்ளை. எல்லாரும் சுத்திச் சுத்திப் பார்த்தினமெண்டா, அது என்ர பேர்.”

“ஆரும் சுத்திப் பார்க்காட்டி?”

“அப்ப வீட்ட வாறதுதான்.”

அதற்குப் பிறகு மூன்று பேரும் பேசவில்லை. காகங்களின் சத்தமும் கடல் இரைச்சலும் மட்டும் பதிவாயின. அந்த இடத்தை மட்டும் நீ வெட்டவில்லை.

அந்தப் பகுதியை முழுக்க வரிசைகளைப் பற்றியே செய்தோம். வங்கியில், பிரதேச செயலகத்தில், மருந்து எடுக்கும் இடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கேட்காதவர் நாள் முழுக்கக் காத்திருந்து திரும்பிப் போகிறார். உன் அனுபவங்களையும் சொன்னாய். கடைசியில் உன் குரலில் ஒரு வசனம்: “கையக் காட்டினாப் போதும். அதுக்குத் திட்டம் ஒண்டும் தேவல்ல.” நாங்கள் செய்த எல்லாவற்றிலும் அதுதான் சிறந்தது. சேர் கேட்டுவிட்டு நெளிந்திருக்க வேண்டும், நாற்காலி கிறீச்சிட்டது. “இது ஆக்களைக் குறை சொல்லுற மாதிரிக் கிடக்கு. ஆஸ்பத்திரி, செயலகக் கந்தோர் எல்லாத்திட்டயும் அனுமதி எடுக்காமப் போட ஏலாது. நீங்கள் ரெண்டு பேரும் கெட்டிக்காரப் பிள்ளையள். சாதிச்சுக் காட்டின ஆக்களின்ர கதையளைச் செய்யுங்கோ.”

படியிறங்கும்போது மாடிப்படி முழுக்க எதிரொலிக்க நீ சொன்னாய், “கெட்டிக்காரி எண்டு சொல்லியே அனுப்பிவிடுறாங்க புள்ள. சொன்ன வேலையச் செஞ்சு தாங்க எண்டு கேட்டா மட்டும் நாங்க கோவக்காரியள்.” மேலே அவருக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று நானும் உன்னை அமர்த்தவில்லை.

பகுதி கிடப்பில் கிடந்தது. மழை வந்தது, மழையோடு டெங்கு வந்தது. உனக்குக் காய்ச்சல் தொடங்கியபோது நான் கண் பரிசோதனைக்காகக் கொழும்பில் இருந்தேன். உன் வாப்பா வெளிநாட்டில். உம்மாவும் காய்ச்சலில் படுத்திருந்தார். நீ தனியாகவே நகரத்துக்கு வந்து, ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு, முடிவுக்காகக் காத்திருந்தாய். உன் செய்திகளைத் தொலைபேசி எனக்கு அதன் மரக்குரலில் வாசித்தது. “கவுண்டரில சொல்லிட்டன். எனக்குக் கேக்காது, கையக் காட்டுங்க எண்டு. ஓம் எண்டாங்க.” பிறகு, “இன்னும் கூப்பிடல்ல.” பிறகு, “தலை சுத்துது. கண்ண மூடிட்டு இருக்கன்.” கடைசியாக, “டொக்டர் போயிட்டாராம், நாளைக்கு வரட்டாம். வீட்ட போறன்.”

கண்ணை மூடினால் உனக்குக் காதும் மூடிவிடும். யார் சுற்றிப் பார்த்தார்கள் என்பதை நீ பார்த்திருக்க முடியாது.

அன்று மாலை காய்ச்சல் விட்டது. சுகம் வந்துவிட்டது என்று உம்மா கஞ்சி காய்ச்சித் தந்தார். டெங்கில் காய்ச்சல் விடும் நேரம்தான் கவனிக்க வேண்டிய நேரம் என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய மருத்துவர், முடிவைக் கையில் வைத்துக்கொண்டு உன்னைக் கூப்பிடச் சொல்லியிருந்தார். விடிந்ததும் நீ குசினி வாசலில் விழுந்தாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் முயன்றார்கள், அதை மறுக்கமாட்டேன். காலம் கடந்துவிட்டது.

நான் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தபோது உன்னை அடக்கம் செய்துவிட்டார்கள். வீடு நிறையப் பெண்கள். யாரோ ஒருவர் என் தோளைத் தடவி, “காது கேட்டிருந்தாப் பிழைச்சிருப்பா, பாவம்” என்றார். அவர் கையை எடுத்து விலக்கினேன். துக்க வீட்டில் அப்படிச் செய்யக்கூடாதுதான். ஆனால் நீ காதால் சாகவில்லை. ஒரு மனிதர் கதிரையை விட்டு எழும்பி வந்து உன் தோளைத் தொட்டிருந்தால் இன்றைக்கு நீ உயிரோடு இருந்து, இந்த மடலில் உள்ள எழுத்துப் பிழைகளைப் பிடித்துக்கொண்டிருப்பாய்.

கொஞ்ச நாள் சென்று உம்மாவோடு அந்த மருத்துவ நிலையத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார். முடிவைத் தேடி எடுத்து, அதில் ‘உடனே அனுமதிக்கவும்’ என்று மருத்துவர் எழுதியிருப்பதையும் அவரே வாசித்துக் காட்டினார்.

“நாங்கள் கூப்பிட்டனாங்கள் உம்மா. ரெண்டு மூண்டு தரம் கூப்பிட்டனாங்கள். அவ வரேல்ல.”

“கேக்காது எண்டு அவ சொன்னவதானே” என்றேன்.

“அது காலமை இருந்த ஆளிட்டச் சொல்லியிருப்பா. எனக்குத் தெரியாது.”

கூப்பிட்டோம், வரவில்லை. இப்படிச் சொன்னதும் குற்றம் கவுண்டரைத் தாண்டி உன் பக்கம் வந்துவிடுகிறது, பார்த்தாயா? அவர்கள் தங்கள் கடமையைச் செய்தார்களாம், நீதான் தவறினாயாம். நான் சத்தம் போட்டேன். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பியிருப்பார்கள். உம்மா என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். “அல்லாஹ் எழுதினது மகள்” என்றார். உம்மாவுடைய ஆறுதலில் கைவைக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் அதே சொல்லை அந்தக் கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர்கள் எடுத்துக்கொள்ள விடமாட்டேன். அவர்கள் எழுதியிருக்க வேண்டியது வேறு: நோயாளிக்குக் காது கேட்காது, கையைக் காட்டு. அதை எழுதிவைக்கத்தான் ஒருவருக்கும் கை வரவில்லை.

சேர் அழைத்தார். உன் நினைவாக ஒரு சிறப்புப் பகுதி போடலாம் என்றார். பின்னணியில் வயலின். “தோல்வியை அறியாத பிள்ளை எண்டு தொடங்குவம். நீங்கள் கொஞ்சம் உணர்ச்சியாப் பேசினாச் சரி.”

“வரிசைப் பகுதியைப் போடுங்கோ சேர். அவவின்ர நினைவுக்கு அது போதும்.”

“இந்த நேரத்திலயோ? வழக்குக் கிழக்கெண்டு வரும். விளங்கிக்கொள்ளுங்கோ.”

எனக்கு நன்றாகவே விளங்கியது. உயிரோடு இருந்தபோது உன் குரல் விளங்காது என்றவர். செத்த பிறகு அதற்கு வயலின் போடக் கேட்கிறார்.

பதிவு என்னிடம் இருந்தது. கிண்ணியாவுக்குப் போய் உம்மாவுக்குப் போட்டுக் காட்டி, வெளியிடலாமா என்று கேட்டேன். உம்மா தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு முழுதும் கேட்டார். உன் சிரிப்பு வந்த இடத்தில் மூக்கை உறிஞ்சினார். முடிந்ததும் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “போடுங்க மகள். அவள்ட சத்தத்த மட்டும் மாத்திப்போடாதீங்க.”

மாற்றவில்லை. இசை போடவில்லை. தொடக்கத்தில் நீ யார், எப்படி இறந்தாய் என்று நான் சொன்னேன். அந்த மருத்துவ நிலையத்தின் பெயரைச் சொல்லவில்லை, ஊருக்குத் தெரிந்ததுதான். எழுத்து வடிவத்தை ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்து கீழே போட்டேன். புல்மோட்டையிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும்கூட ஆட்கள் எழுதினார்கள், தங்களுக்கும் இப்படி நடந்ததென்று. பயிற்சி நிலையம் என்னைத் திட்டத்திலிருந்து நீக்கியது. சான்றிதழ் தரவில்லை. போகட்டும்.

இப்போது நடந்ததைக் கேள். போன மாதம் எனக்குக் காய்ச்சல். வேண்டுமென்றே அந்த இடத்துக்குத்தான் போனேன். இலக்கம் எழுதிய துண்டு ஒன்றைக் கையில் தந்தார்கள். உட்கார்ந்தேன். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. நிழல்கள் எழும்பிப் போயின, வந்தன. நெடுநேரம் சென்று போய்க் கேட்டால், “சுவரில இருக்கிற போட்டில இலக்கம் வரும் மிஸ், பாருங்கோ. அந்தப் பிள்ளையின்ர பிரச்சினைக்குப் பிறகு கூப்பிடுறதை நிப்பாட்டிப்போட்டம்” என்றார் ஒரு பெண்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ அந்த இடத்திலேயே விழுந்து சிரித்திருப்பாய். மன்னிப்புக் கேட்கவில்லை, யாரிடமும் எதுவும் விசாரிக்கவில்லை. உனக்காக ஒரு பலகை வாங்கி, என்னை வெளியே விட்டுவிட்டார்கள்.

“எனக்குப் பார்க்க ஏலாது தங்கச்சி. அவவுக்குக் கேக்க ஏலாது. போட்டும் இருக்கட்டும், வாயாலும் கூப்பிடுங்கோ. ரெண்டும் சேர்த்துச் செய்யிறதுக்கு என்ன கஷ்டம்?”

பெரியவரைக் கேட்க வேண்டும் என்றார் அவர். கேளுங்கோ, நான் நிற்கிறேன் என்றேன். பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். நகரவில்லை. கடைசியில் அந்தப் பெண் சலித்துக்கொண்டு அடுத்த இலக்கத்தை உரத்துச் சொன்னார். ஒரு தாத்தா “ஓம், என்ர” என்று எழும்பி வந்தார். அவருக்கும் பலகை தெரிந்திருக்கவில்லையாம். அன்று முழுக்கக் கூப்பிட்டார்கள். அடுத்த கிழமையும் போய்ப் பார்த்தேன், கூப்பிட்டார்கள். அதற்குமேல் உறுதி சொல்ல எனக்குத் தெரியாது. போய்க்கொண்டிருப்பேன்.

உன்னிடமிருந்து என்னில் தங்கிப்போன ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். உன்னைச் சந்திக்கும் முன் நான் தலையைக் குனிந்துதான் பேசுவேன். எதிரே இருப்பவரின் முகம் தெரியாதவளுக்கு எங்கே பார்த்தால் என்ன. நீதான் என் தாடையைப் பிடித்துத் தூக்கி, வெளிச்சம் விழும் பக்கம் திருப்பி, “இப்பிடிக் கதை, அப்பத்தான் எனக்கு விளங்கும்” என்பாய். நீ போன பிறகும் அது போகவில்லை. கடைக்காரரோடும் கந்தோர்க்காரரோடும் முகத்தை நிமிர்த்தி, வெளிச்சத்துக்குத் திரும்பி, உதட்டை முழுதாகத் திறந்து ஒவ்வொரு சொல்லாகப் பேசுகிறேன். எதிரே நிற்பவர்கள் ஒரு அடி பின்வாங்குவது எனக்கு ஓரக்கண்ணில் தெரிகிறது. ஏன் கோபமாக இருக்கிறீர்கள் என்று சிலர் கேட்கிறார்கள்.

ஓம், கோபமாகத்தான் இருக்கிறேன் என்று சொல்கிறேன்.