மண் சுவரின் இரண்டாம் பாகம்

நாரேயின் அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். நேற்று எங்கள் வேலை முகாமின் கழிவறையில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன். வெளியே வரிசையில் நின்ற, என்னோடு வேலை செய்யும் பே அண்ணன் கதவைத் தட்டி, "யோவ், உள்ள முட்டையா போடுற?" என்று கத்தினார்.

அங்கே கிடந்த நம் ஊர்ப் பழைய பத்திரிகையில், மண் வீடு கட்டும் தொடரின் இரண்டாம் பாகம் இருந்தது. முதல் பாகத்தை மட்டும் படித்துவிட்டுத்தானே, இந்தச் சவூதிக்குக் கிளம்பும் அவசரத்தில் நம் மகள் நாரேயின் அறையைக் கட்டினேன்! ஒரு முழம் சுவர் காய்ந்த பிறகே அடுத்த முழம் ஏற்ற வேண்டுமாம். ஈரத்தின் மேல் ஈரமாக ஏற்றினால் மழையில் சரிந்துவிடுமாம்.

பயப்பட ஒன்றுமில்லை. நாரேயை மட்டும் உன் அறையில் படுக்க வை. சுவரில் விரிசல் உண்டா என்று பார்த்து உடனே எழுது. அவள் போட்டோ ஒன்றும் அனுப்பு.

வேலைக்குக் கூட்டிப்போகும் லாரி வந்துவிட்டது. "ஏன்யா மூஞ்சி வெளிறிக் கெடக்கு?" என்று அண்ணன் கேட்டார். வெயில் என்றேன். இந்தக் கடிதம் கொரியா வந்து சேர்வதற்குள் அங்கே மழை பிடித்துக்கொள்ளுமோ என்ற பயத்தை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.