காப்பை அவிழ்த்த கை

மேல் டிவிசன்,
அக்கரப்பத்தனை.

அன்புள்ள மகள் லோஜினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழைக்கு ஒரு மாதிரி வெயிலுக்கு ஒரு மாதிரி. நீ துபாயில் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன், நீ நம்பாவிட்டாலும் வேண்டுவது என் வேலை. லீவில் வந்த தர்ஷன் புதன்கிழமை அங்கே திரும்புகிறான், இதை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் நின்று பாதியை மாற்றிவிடுவார்.

திருவிழாவில் நான் காப்பை அவிழ்த்தது உண்மைதான். உன் சிநேகிதி நிஷாந்தி உனக்குச் சொன்னது பொய் இல்லை, ஆனால் முழுதும் இல்லை. மண்சரிவில் வீட்டையும் புருஷனையும் பறிகொடுத்த றோசலின் என்ற பிள்ளை நிறைமாதத்தோடு நம் லயத்து வீட்டு வரிசையில் கடைசிக் காம்பராவில் வந்து தங்கியிருந்தாள். காப்புக் கட்டி மூன்றாம் நாள், சனிக்கிழமை பின்னேரம் நாலு இருபதுக்கு அவளுக்கு வலி வந்தது. ஆட்டோ வந்து நின்றது, கூடப் போகத்தான் ஆள் இல்லை. லயத்துப் பெண்கள் எல்லார் கையிலும் மஞ்சள் கயிறு, கட்டியவர்கள் தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது, பிள்ளைபெற்ற தீட்டும் படக்கூடாது. பக்கத்துக் காம்பரா ராசம்மா, அவ வேதக்காரிதானே, அவங்க சர்ச் ஆளுங்களுக்குப் போன் போடுங்கன்னு சொன்னாள். றோசலின் அங்கேயே கதவு நிலையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நிற்கிறாள். கோயில் கமிட்டித் தலைவர் அழகுமுத்து, கொஞ்சம் பொறுங்க, டவுன்ல இருந்து யாராச்சும் வருவாங்கன்னார். அப்படின்னா வயித்துப் பிள்ளைக்கும் பொறுக்கச் சொல்லிக் கமிட்டியில இருந்து சொல்லி அனுப்புங்கன்னு சொல்லிவிட்டு, கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்து, சாமிப் படத்து ஆணியில் மாட்டிவிட்டு ஆட்டோவில் ஏறினேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் நோனா சிங்களத்தில் இவளுக்கு அம்மாவா என்று கேட்டார், ஆமாம் என்றேன். அந்த விரதத்தில் நான் சொன்ன ஒரே பொய் அது. பெண் பிள்ளை, இரண்டு கிலோ எழுநூறு.

இப்போது கமிட்டி சொல்வது, வருகிற வெள்ளிக்கிழமை பூசைக்கு நான் எல்லாருக்கும் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டுமாம், இல்லாவிட்டால் இனிப் பால்குடம் தரமாட்டார்களாம். பத்தொன்பது வருஷம் சுமந்த குடம், நெஞ்சு வலிக்கத்தான் செய்கிறது. அப்பா, ஒரு நிமிச வேலைதானே புள்ள, கேட்டுட்டு வந்துரு என்கிறார். அம்மனிடம் நான் தினமும் வீட்டில் கேட்டுக்கொள்வேன். ஆனால் சபையில் கேட்டால், அந்தக் குழந்தை பிறக்க நான் கூடப் போனது குற்றம் என்று அவளைப் பெற்றவள் காதுபடச் சொன்னதாகும். கேட்க மாட்டேன். நீயும் அப்பாவுக்காகப் பேச வராதே.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். போன தீபாவளிக்குச் சாமி இல்லை என்று நீ சொன்னபோது, சாமி பயம் இல்லாதவளுக்கு நல்லது கெட்டது எப்படித் தெரியும் என்று கேட்டேன், நீ போனை வைத்துவிட்டாய். அன்றைக்கு ஆட்டோவில் ஏறும்போது அம்மன் என் நினைவில் இல்லை மகள். அந்தக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவள் இடத்தில் நான் நின்றிருந்தால் என்பது மட்டும்தான் இருந்தது. அதற்குச் சாமி வேண்டியதில்லை, உனக்கும் அது தெரியும். உன் அறையில் இருக்கும் நேபாளப் பெண்ணை நீயும் மற்றப் பிள்ளைகளும் தமிழில் கேலி பேசிச் சிரிப்பதாகச் சொன்னாயே, அதை மட்டும் விட்டுவிடு. பாஷை புரியாவிட்டாலும் சிரிப்பு புரியும்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவேன். றோசலின் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பூசை முடியும்வரை முன்வரிசையில் நிற்பேன், வாய் திறக்க மாட்டேன். நான் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்றுதான், தீபாவளிக்கு அப்படிச் சொன்னதற்கு, அது உன்னிடம். எழுத்திலேயே கேட்டுவிட்டேன், பத்திரமாக வைத்துக்கொள்.

நேரத்துக்குச் சாப்பிடு. தர்ஷனிடம் தந்த இஞ்சியை அந்த நேபாளப் பெண்ணுக்கும் பங்கு கொடு. நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இரு.

உன் அம்மா
பூரணி